நான்கு குண்டூசியும் ஒரு கண்ணாடிக் குற்றியும்

உயர்தரப் பௌதிகவியல் செய்முறைகளில், எளிதென்று நினைத்தே அதிகம் கெடுக்கப்படுவது கண்ணாடிக் குற்றியின் முறிவுச் சுட்டியை, அதாவது ஒளி அதற்குள் எவ்வளவு திரும்புகிறது என்பதைக் காட்டும் எண்ணை, அளப்பது. 1.5 வரவேண்டிய இடத்தில் 1.36 வந்தால் குற்றியைக் குறை சொல்ல வேண்டாம். ஊசி குத்திய இடத்திலும் பென்சில் முனையிலும்தான் பிழை இருக்கும்.

ஒளி வளியில் செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் போகிறது; சாதாரணக் கண்ணாடிக்குள் 2 இலட்சம். சாய்ந்து விழும் கதிர் திரும்புவது இந்த வேகக் குறைவால்தான். செவ்வன் (மேற்பரப்புக்குச் செங்குத்தான கோடு) வழியே விழும் கதிரும் வேகம் குறையும், ஆனால் திரும்பாது. விழும் கதிர் செவ்வனோடு ஆக்கும் படுகோணத்தின் சைனை, உள்ளே போகும் கதிர் அதனோடு ஆக்கும் முறிகோணத்தின் சைனால் வகுத்தால் எந்தச் சாய்விலும் ஒரே எண் வரும். அந்த எண்தான் நமக்கு வேண்டிய முறிவுச் சுட்டி.

மென்பலகையில் தாளை விரித்து நான்கு மூலைக்கும் வரைதலூசி குத்துங்கள். திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் யன்னலோர மேசை இதற்குச் சரிவராது. குற்றியைச் சுற்றிக் கூரான பென்சிலால் கோடு வரையுங்கள். மழுங்கிய பென்சிலால் இரு பக்கமும் 1 மில்லிமீற்றர் வெளியே தள்ளி வரைந்தால், 6 சென்ரிமீற்றர் அகலக் குற்றியில், 45° படுகோணத்தில், 1.50 என்பது 1.47 ஆகிவிடும். வரைந்த பின் குற்றி நகர்ந்தாலும் அந்தத் தாளைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

படுகதிரில் (குற்றியில் விழும் கதிரில்) இரண்டு ஊசிகளைக் குத்துங்கள். மறுபக்கம் குனிந்து, குற்றியூடாகப் பார்த்து, அவற்றோடு ஒரே நேர்கோட்டில் தெரியுமாறு மற்ற இரண்டையும் குத்துங்கள். சோடி ஊசிகளுக்கிடையே 5 சென்ரிமீற்றருக்குக் குறையாத தூரம் வேண்டும். 2 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஓர் ஊசி 1 மில்லிமீற்றர் விலகினால் கோடு ஏறத்தாழ 3° திரும்பும். 5 சென்ரிமீற்றரில் 1° சற்றுக் கூடத்தான். ஊசித் தலைகளைப் பார்த்து நேராக்க வேண்டாம். ஊசி சரிந்திருந்தால் தலை பொய் சொல்லும். தாளில் குத்திய அடியையே பாருங்கள்.

குற்றியை எடுத்ததும் முதல் வேலை, வெளிவரு கதிர் (பின்னர் குத்திய இரண்டு ஊசிகளின் கோடு) படுகதிருக்குச் சமாந்தரமா என்று பார்ப்பது. இல்லையென்றால் கோணம் அளந்து பயனில்லை, ஊசிகளைத் திரும்பக் குத்துங்கள். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்தச் செய்முறையில் இதைவிட நல்ல சோதனை வேறில்லை.

சிறிய கோணங்களை நம்பாதீர்கள். படுகோணம் 15° என்றால் முறிகோணம் 10° அளவில் இருக்கும்; அதை 11° என்று வாசித்தால் விடை 1.36. அதே ஒரு பாகை வழு 60° இல் நேர்ந்தால் விடை 1.46. ஆகவே 30° முதல் 70° வரை ஐந்தாறு வாசிப்புகள் எடுத்து, சைன் பெறுமானங்களை வரைபாக்கி, படித்திறனை (கோட்டின் சாய்வை) காணுங்கள். தனித்தனி விடைகளின் சராசரியைவிட வரைபு நேர்மையானது: கோடு உற்பத்தியினூடாக (இரு அச்சுகளும் வெட்டும் 0 புள்ளியினூடாக) போகவில்லையென்றால், செவ்வனை 90° இல் வரையவில்லையோ என்று அதுவே சந்தேகம் எழுப்பும்.

குற்றி கிடைக்காதவர்கள் செவ்வகமான ஒளிபுகும் பிளாஸ்ரிக் பெட்டியில் தண்ணீர் ஊற்றிச் செய்யலாம். மெல்லிய சுவர்கள் கதிரைச் சற்றுத் தள்ளிவைக்குமே தவிர, தண்ணீருக்குள் அது போகும் கோணத்தை மாற்றா. மேலே அகன்று போகும் பெட்டி மட்டும் வேண்டாம். சரிந்த சுவர் ஊசியின் பிம்பத்தை மேலோ கீழோ தள்ளிவிடும். தண்ணீருக்கு 1.33 வரும். அதே பெட்டியில் தேங்காய் எண்ணெய் ஊற்றினால் 1.45 அளவில் வரும்.

கடல்நீருக்கும் கிட்டத்தட்ட அந்த 1.33 தான். திருகோணமலைக் கடலிலுள்ள புறாத்தீவில் முகமூடி போட்டு நீந்துபவருக்கு, 80 சென்ரிமீற்றர் தள்ளியிருக்கும் முருகைக்கல் 60 இல் இருப்பதுபோலத் தெரியும். மீனும் மூன்றிலொரு பங்கு பெரிதாகத் தெரியும். முகமூடியைக் கழற்றினால் எல்லாம் மங்கிவிடும். விழியின் முன்னுள்ள ஒளிபுகும் படலமான விழிவெண்படலத்தின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.38, தண்ணீரோடு ஒட்டியதும் இரண்டுக்கும் வித்தியாசம் போதாமல், விழியின் முன்பக்கம் கதிரை வளைப்பது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. முகமூடி திருப்பித் தருவது கண்ணுக்கு முன்னால் இருக்கவேண்டிய அந்த வளியைத்தான்.