பரங்கிமலை மாதா திருவிழாவும் மகளுக்கான சாப்பாடும்

பரங்கிமலை மாதா கோயில் திருவிழா டிசம்பர் 18. கிறிஸ்துமஸுக்கு ஒரே ஒரு வாரம் முன்னால், வீடெல்லாம் மாவும் எண்ணெய்ச் சட்டியுமாக இருக்கும் நேரத்தில் வருவதாலோ என்னவோ, எங்கள் சொந்தத்திலேயே பல பேருக்கு இப்படி ஒரு திருவிழா இருப்பது தெரியாது. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை நாங்கள் எல்லோரும் போவோம், காவி உடுத்தி நடந்து போகிறவர்களும் எங்கள் வீட்டில் உண்டு. ஆனால் நம்ம சென்னையிலேயே ஒரு மலைமேல், பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் கர்ப்பிணி மாதாவுக்கென்று ஒரு கோயில் இருக்கிறது என்றால் ‘அப்படியா?’ என்று கேட்பார்கள்.

எதிர்பார்ப்பின் அன்னை என்பதுதான் அந்தக் கோயிலின் மாதாவுக்குப் பெயர். இந்தத் திருநாள் மிகப் பழையது. வானதூதர் மாதாவுக்குச் செய்தி சொன்ன மங்களவார்த்தைத் திருநாளான மார்ச் 25, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் வந்துவிடுவதால், மாதாவைச் சந்தோஷமாகக் கொண்டாட வேறு ஒரு நாள் வேண்டும் என்று 656-ஆம் ஆண்டில் ஸ்பெயினின் தொலேதோ நகரத்தில் கூடிய ஆயர்கள் டிசம்பர் 18-ஐ வைத்தார்கள். போர்த்துகீசியர்கள் 1523-இல் நம் மலைமேல் கோயில் கட்டியபோது அந்த மாதாவுக்கே கட்டினார்கள்.

இந்த வருடம் நான் போனதற்குக் காரணம் என் மகள். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து உண்டாகியிருக்கிறாள், இப்போது ஏழாம் மாதம். முதல் மூன்று மாதம் அவள் பட்ட பாட்டைப் பார்த்து எனக்குத் தூக்கமே போய்விட்டது. தாளிக்கிற வாசனை வந்தால் போதும், எழுந்து ஓடுவாள். மீன் கழுவிய தண்ணீரின் வாடை, வெங்காயம் வதங்குவது, ஏன், பால் பொங்குவதுகூட ஆகவில்லை. தாளிக்காத மிளகு ரசமும், குழைய வடித்த சோறும், தணலில் சுட்ட அப்பளமும், கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாயும் மட்டும் உள்ளே தங்கின. அந்த நாட்களில் எனக்கு ஜெபமாலையை உட்கார்ந்து சொல்ல முடியவில்லை என்பது உண்மை. ரசம் கொதிவரும் வரை அடுப்பு பக்கத்தில் நின்றபடியே அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருப்பேன். யாயீரின் மகளை உயிரோடு எழுப்பிய கையோடு இயேசு சொன்னது அந்தப் பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்பதுதானே, அது மாற்கு நற்செய்தியில் ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. அவ்வளவு பெரிய புதுமையைச் செய்துவிட்டு, சுற்றி நின்றவர்கள் வாயடைத்துப்போய் நிற்கும்போது, பிள்ளைக்குப் பசிக்குமே என்று அவருக்குத்தான் தோன்றியிருக்கிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மூன்று மாதத்தைக் கடந்தேன்.

எங்கள் வீடு பெரம்பூர். அங்கிருந்து ரயிலில் சென்ட்ரல், எதிரே பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து தாம்பரம் வண்டி பிடித்தால் பரங்கிமலையில் இறங்கலாம். மகளை நானே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன், மேலே வரை வண்டி போகிற சாலை இருந்தாலும் திருவிழாக் கூட்டத்தில் அவளை நிறுத்திவைக்க மனசில்லை. “எனக்கும் சேர்த்துப் படி ஏறும்மா” என்றாள். விடியற்காலையில் எழுந்து கறிவேப்பிலை சாதம் கிளறிக் கட்டிக்கொண்டேன். உருவிய கறிவேப்பிலையோடு மிளகு, உளுத்தம்பருப்பு, இரண்டு காய்ந்த மிளகாய், சுண்டைக்காயளவு புளி, எல்லாவற்றையும் மொறுமொறுவென்று வறுத்துப் பொடித்து, நல்லெண்ணெய் விட்டுச் சோற்றில் பிசைந்தால் சாயங்காலம் வரை கெடாது. அவளுக்கும் அதிலேயே ஒரு டப்பா எடுத்துவைத்தேன், இப்போது அவளுக்குத் தாளித்ததெல்லாம் பிடிக்கிறது, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

மலை ஒன்றும் பெரிய உயரமில்லை, சுமார் 300 அடி. படிகளை 1726-இல் கட்டிக்கொடுத்தவர் பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பழைய மர்மலாங் பாலத்தைக் கட்டியவரும் அவரேதான். எங்கிருந்தோ வியாபாரத்துக்கு வந்த மனிதர், மலையேறுகிறவர்களின் கால் நோகக்கூடாது என்று காசு செலவழித்திருக்கிறார், அவர் ஆன்மாவுக்கு ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டுத்தான் முதல் படியில் கால் வைத்தேன். வழியெல்லாம், இயேசு சிலுவை சுமந்து போனதைக் காட்டும் சிலுவைப்பாதையின் 14 நிலைகள். நான்காம் நிலையில், இயேசு தம் தாயைச் சந்திக்கும் இடத்தில், நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். பெற்ற பிள்ளையின் வலியை வாங்கிக்கொள்ளவும் முடியாமல், விலகிப்போகவும் முடியாமல் பக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று இந்த வருடம் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

மேலே கோயில் சின்னதுதான், முதல்முறை பார்க்கிறவர்களுக்கு இவ்வளவுதானா என்றுகூடத் தோன்றலாம். பீடத்தில் இருக்கிற கல் சிலுவைதான் அங்கே எல்லோரும் தேடிப்போவது. இயேசுவின் சீடரான புனித தோமையார் தம் கையால் செதுக்கியது என்பது நம் முன்னோர் நம்பிக்கை, 1547-இல் மலைமேல் மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது, சுற்றிலும் பழைய பாரசீகமான பஹ்லவி எழுத்து. 1558-இல் இதே டிசம்பர் 18 திருநாளன்று திருப்பலி நடந்துகொண்டிருந்தபோது அந்தச் சிலுவையில் இரத்தம் வியர்த்தது என்று சொல்லிவருகிறார்கள். இன்னொரு பக்கம் மாதாவின் படம், நற்செய்தி எழுதிய லூக்கா வரைந்து தோமையார் கொண்டுவந்தது என்பார்கள். கையில் குழந்தையை வைத்திருக்கிற அந்த முகத்தைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், ஆனால் பின்னால் வரிசை நிற்கிறதே.

பூசையில் வாசித்தது மத்தேயு முதல் அதிகாரம், யோசேப்பின் கனவு. சாமியார் யோசேப்பைப் பற்றி அழகாகப் பேசினார், என் மனசோ லூக்காவுக்குப் போய்விட்டது. மரியா கருவுற்றதும் மலைநாட்டுக்கு விரைந்துபோய், உறவினரான எலிசபெத்து வீட்டில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கியிருந்தார் என்று அதில் இருக்கிறது. வானதூதர் மரியாவிடம் பேசும்போது எலிசபெத்துக்கு ஆறாம் மாதம். அப்படியென்றால் மசக்கைக்காரியும் நிறைமாதத்துக்குப் போய்க்கொண்டிருக்கிற வயதான அம்மாவும் ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் இருந்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் செக்கரியாவோ வாய் பேசமுடியாமல் இருக்கிறார். யார் மாவு பிசைந்தது, யார் தண்ணீர் எடுத்துவந்தது, எந்த வாசனை மரியாவுக்கு ஆகவில்லை, எலிசபெத்து அதற்கு என்ன கைமருந்து சொன்னார்? நற்செய்தி அதையெல்லாம் எழுதவில்லை, ஆனால் மூன்று மாதம் சமைக்காமலும் சாப்பிடாமலும் யாரும் இருக்கமுடியாது. என் ஆத்துமா ஆண்டவரை ஏற்றிப் போற்றுகிறது என்று பாடிய அதே வாய் மறுநாள் காலையில் உங்களுக்கு உப்பு போதுமா அக்கா என்று கேட்டிருக்கும், நான் அப்படித்தான் நம்புகிறேன். அந்த உப்பும் அந்தப் பாட்டும் கடவுளுக்கு முன்னால் தனித்தனியாக இருந்திருக்காது.

பூசையில் நற்கருணை வாங்கி, முடிந்து வெளியே வந்தால் மார்கழி வெயில் இதமாக இருந்தது. கீழே விமானநிலையம் தெரிகிறது, இறங்குகிற விமானங்களைக் காட்டிப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். மரத்தடியில் டப்பாவைத் திறந்தேன். பக்கத்தில் ஒரு இளம்பெண், வயிறு நன்றாகத் தெரிகிறது, புருஷன் கீழே ஏதோ வாங்கிவரப் போயிருக்கிறார். “சாப்பிட்டியாம்மா?” என்றேன். “இல்லக்கா, காலைல ஒண்ணும் இறங்கல” என்றாள். டப்பா மூடியில் வைத்துக் கொடுத்தேன். கறிவேப்பிலை மணம் பிடித்திருக்கவேண்டும், தயங்கித் தயங்கி ஒரு வாய் எடுத்தவள் பிறகு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எந்த ஊர், எத்தனையாவது மாதம் என்பதற்குமேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் இந்த மலையின் தோமையாரே எனக்கு ஞாபகம் வந்தார்.

தோமையார் என்றால் சந்தேகப்பட்டவர், காயத்தில் கைவைத்துப் பார்க்கவேண்டும் என்றவர், கி.பி. 72-இல் இந்த மலையில் வேதசாட்சியாக இறந்தவர் என்றுதான் மறைக்கல்வி வகுப்பிலிருந்து கேட்டுவருகிறோம். ஆனால் யோவான் 21-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இராமுழுவதும் வலைவீசி ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிற ஏழு பேரில் தோமாவும் ஒருவர், அவர் பெயர் இரண்டாவதாகவே இருக்கிறது. கரையில் கரி நெருப்பு மூட்டி, மீனும் ரொட்டியும் தயாராக வைத்துக்கொண்டு உயிர்த்த ஆண்டவர் காத்திருக்கிறார், வந்து சாப்பிடுங்கள் என்று கூப்பிடுகிறார், தாமே எடுத்துக் கொடுக்கிறார். சாவை ஜெயித்து வந்தவருக்கு விடியற்காலையில் செய்யத் தோன்றியது அடுப்பு மூட்டுவது! அந்தக் கையால் சாப்பிட்டவர்தான் கடல் தாண்டி நம் ஊருக்கு வந்தார். சாந்தோமில் அவர் கல்லறையில் எத்தனையோ தடவை மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன், ஆண்டவர் சமைத்ததைச் சாப்பிட்ட ஒருவர் இங்கே படுத்திருக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு இந்த வருடம் உடம்பு சிலிர்த்தது. சமையல் வேலை ஜெபத்துக்கு இடைஞ்சல் என்று புலம்புகிற தங்கைகளிடம் நான் சொல்ல நினைப்பது இதைத்தான். ஆண்டவரே அடுப்பு பக்கத்தில் நின்றவர், நம் அடுப்படிக்கு வர அவருக்குத் தயக்கமே கிடையாது.

வீட்டுக்கு வந்து சேர நாலு மணி. ராத்திரி கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல் போட உட்கார்ந்தோம். மைதா, முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை, வெண்ணெய் சேர்த்துப் பிசைந்த மாவை வட்டமாக உட்கார்ந்து முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்டிக்கொண்டே ஜெபமாலை சொல்வது எங்கள் வீட்டு வழக்கம், கை ஓயாது, வாயும் ஊர்க்கதை பேசாது. மகள் சோபாவில் சாய்ந்தபடி தலைமை மந்திரம் சொன்னாள். சந்தோஷ தேவரகசியத்தில் எலிசபெத்தை மாதா சந்தித்தது வந்தபோது அவள் கை வயிற்றின்மேல் போனது, உள்ளே உதைத்ததாம். ஜெபமாலை முடிந்ததும் அவள் கேட்டது, நாளைக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைப்பியாம்மா, கத்தரிக்காய் போட்டு. அப்பாவும் மருமகனும் சிரித்துவிட்டார்கள், எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

நேர்ச்சையும் ஒன்று செய்திருக்கிறேன். அரிசி களையும் முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுகிற பிடியரிசி வழக்கம் என் அம்மாவிடமிருந்து வந்தது, எங்கள் ஊரில் அதைக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவளை நினைத்து இன்னொரு பிடி சேர்க்கிறேன், சின்ன டப்பா நிறைந்து இப்போது எவர்சில்வர் தூக்கில் போய்க்கொண்டிருக்கிறது. பிரசவம் நல்லபடியாக முடிந்ததும் அந்த அரிசியோடு மேற்கொண்டு வாங்கிப்போட்டு, எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த, தனியாக இருக்கிற வயதானவர்களை உட்காரவைத்துச் சாப்பாடு போடவேண்டும். சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், கோழிக்குழம்பு, பாயசம், எல்லாம் என் கையால், ஆள் வைக்காமல். எங்கள் அன்பியத்து (பங்கில் எங்கள் பகுதி ஜெபக்குழு) அக்காமார்கள் காய் நறுக்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள். பெரிய தேக்சா எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று மருமகன் இப்போதே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.