அலைச்சறுக்குப் படமும் ஒரு வன்தட்டும்

வன்தட்டைச் செருகிய திரையரங்கு அங்கிள், படம் ஓட்டுபவர், ஒரு நிமிடம் தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அதைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். "கெனாட் லா."

எங்கள் அலைச்சறுக்கு ஆவணப்படத்தின் திரையிடலுக்கு நான்கே நாள். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, வன்தட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு யீஷூனிலிருந்து எம்ஆர்டி ரயிலில் வந்திருந்தேன். அவருடைய இயந்திரத்துக்கு அது கண்ணுக்கே தெரியவில்லையாம். விழாக்காரர்கள் அனுப்பிய ஆறு பக்க மின்னஞ்சலில் ஐந்தாம் பக்கத்தில் காரணம் இருந்தது. அதை நாங்கள் நான்கு பேருமே படிக்கவில்லை. மற்ற மூவரில் ஒருவர் படித்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நம்பியிருந்தோம்.

நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். வாடைக்காற்று அடிக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, வெள்ளிக்கிழமை இரவானால் கார் மேல் அலைச்சறுக்குப் பலகையைக் கட்டிக்கொண்டு மலேசியாவின் தேசாருவுக்கோ, இன்னும் மேலே பகாங்கில் இருக்கும் செரட்டிங்குக்கோ கிளம்பிவிடுகிற கூட்டம். சிங்கப்பூரில் இருந்துகொண்டு இந்தப் பைத்தியம் பிடித்தால் வேறு வழியில்லை. ஒரு பக்கம் சுமத்ரா, ஒரு பக்கம் தீபகற்பம் என்று மறைத்து நிற்க, இங்கே ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் வருவது அலையா, கப்பல் போன சலசலப்பா என்றே தெரியாது. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவர் வீட்டுப் பையன்கள் பலகையில் நிற்கிற அழகைப் பார்த்துதான் படமெடுக்கும் ஆசை வந்தது. அங்கே தென்மேற்குப் பருவம், செரட்டிங்கில் வாடை என்று இரண்டு வருடம் எடுத்து 52 நிமிடமாக வெட்டினோம். 11 விழாக்களுக்கு அனுப்பினோம். ஒன்பது மறுத்தன, ஒன்றிடமிருந்து பதிலே இல்லை. நம்மூரில் நடக்கும் ஒரு சின்ன ஆவணப்பட விழா மட்டும் சரி என்றது. படத்துக்கான வயது வகைப்பாட்டை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். பையன்கள் அலையைத் திட்டிய திட்டுக்கு பிஜி13.

முதல் அடி பாட்டில்தான் விழுந்தது. படத்தில் இருக்கும் இசைக்கெல்லாம் பட்டியல் கேட்டார்கள். "சொந்த இசை மட்டும்" என்று எழுதி அனுப்பினோம். இரண்டு நாளில் பதில்: 14ஆம் நிமிடத்தில் டீக்கடை வானொலியில் ஒரு பழைய சினிமாப் பாட்டு ஓடுகிறதே, அது? 40 விநாடி. நாங்கள் அதை இசையாகவே நினைக்கவில்லை, டீக்கடை என்றால் பாட்டு ஓடத்தான் செய்யும் என்று விட்டிருந்தோம். பாட்டு எழுதி இசையமைத்தவர்கள் பக்கம் ஓர் அனுமதி, அந்த ஒலிப்பதிவுக்கு உரிமைக்காரரிடம் தனியாக இன்னொன்று, இரண்டும் வேண்டுமாம். உரிமை வைத்திருந்த நிறுவனத்துக்கு எழுதினால் ஒரு படிவம் வந்தது. நிரப்பி அனுப்பினால் இன்னொரு படிவம். அரங்கில் எத்தனை இருக்கை, எத்தனை நாடு, எத்தனை ஆண்டு? அப்புறம் மூன்று வாரம் மௌனம். தொலைபேசியில் பிடித்தபோது அந்த அலுவலர், "நீங்கள் முதல் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை" என்றார். மூன்று வாரம் கழித்து! கடைசியில் அவர்கள் சொன்ன தொகை எங்கள் படத்தின் மொத்தச் செலவைவிட அதிகம்.

காட்சியைத் தூக்கவும் மனமில்லை. படத்தில் வரும் கோவளத்துத் தம்பியின் அம்மாதான் அந்தக் கடையை நடத்துகிறார். மகன் முதன்முதலில் பலகையோடு கடலுக்குள் போன அன்றைக்குக் கரையில் நின்று அழுததை அங்கே வைத்துத்தான் சொல்கிறார். நல்ல வேளை, அவர் சட்டையில் மைக் குத்தியிருந்தோம், குரல் தெளிவாக இருந்தது. படத்தொகுப்பு செய்த நண்பன் பாட்டை முடிந்தவரை துடைத்தான். மிச்சம் தெரியாமலிருக்க டீக்கடைச் சத்தம் வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே தேக்கா உணவங்காடியில் போய் 20 நிமிடம் ஒலிப்பதிவு செய்துகொண்டு வந்தான். தட்டு, கரண்டி, அடுப்பு, ஆட்கள் பேச்சு. அடியில் போட்டதும் அச்சு அசலாக இருந்தது. இரண்டாம் முறை கேட்டபோதுதான் யாரோ பின்னாலிருந்து "தே ஓ கொசோங், புங்குஸ்!" என்று கத்துவது காதில் விழுந்தது. பாலும் சர்க்கரையும் இல்லாத டீயைக் கட்டிக்கொடு என்று சிங்கப்பூரில் கேட்கிற பாஷை. கோவளத்தில் யார் அப்படி டீ கேட்பார்கள்? தேடித் தேடி மூன்று இடத்தில் வெட்டினோம்.

சரி, வன்தட்டுக்கு வருகிறேன். திரையரங்குக்குக் கொடுக்க வேண்டியது டிசிபி, அதாவது அரங்கின் டிஜிட்டல் இயந்திரம் படிக்கிற வடிவில் கட்டிய படக் கோப்புகள். அதை டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் நாமே செய்துகொள்ளலாம், காசு கொடுத்து வெளியே செய்ய வேண்டியதில்லை. ஆனால் வன்தட்டை வழக்கம்போல் விண்டோஸில் ஃபார்மேட் செய்து கொடுத்தால் பல அரங்குகளில் படம் ஓட்டும் சர்வர் ஏறெடுத்தும் பார்க்காது. அவை லினக்ஸ் ஆட்கள். வன்தட்டை ஃபார்மேட் செய்ய வேண்டிய லினக்ஸ் வகை இஎக்ஸ்டி2 அல்லது இஎக்ஸ்டி3, அப்போது கொடுக்க வேண்டிய ஐநோடு என்ற அளவு 128. இந்த ஒரு வரியை எங்காவது எழுதி ஒட்டி வையுங்கள். எனக்கு அரை நாள் விடுப்பு போனது இதற்குத்தான். மறுநாள் மாலை மறுபடி போனேன். இந்த முறை திறந்தது. அங்கிள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கிட்டத்தட்ட 60 ஜிபி ஏறி முடிந்ததும் ஓடவிட்டார்.

முதல் அலை. பெரிய திரையில் அதைப் பார்க்கையில் கொஞ்சம் கண் கலங்கியது, ஒத்துக்கொள்கிறேன். அடுத்து ஊர்ப்பெயர் வந்தது. 'கோவளம்' என்று வரவேண்டிய இடத்தில் முதலில் தனியாக ஒரு 'க'. பக்கத்தில் ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு இரட்டைக் கொம்பு. அதற்கப்புறம் ஒரு கால்.

ஊரில் எங்காவது தமிழ் உடைந்த அறிவிப்புப் பலகையைக் கண்டால் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டு, "ஒரு தமிழ் ஆளிடம் காட்டியிருக்கக் கூடாதா?" என்று கேட்கிற ஆள் நான். இங்கே நான்கு தமிழ் ஆட்கள் சேர்ந்து பார்த்த லட்சணம் இது.

கணினியில் 'கோ' என்பது 'க'வை முதலில் வைத்து, குறியைப் பின்னால் வைத்துத்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது எழுத்தைக் காட்டுகிற மென்பொருளின் வேலை. என் மடிக்கணினி அதைச் செய்தது, அரங்கின் சர்வர் செய்யவில்லை. ஊர்ப்பெயர்களையும், செரட்டிங் பையன்கள் மலாயில் பேசுவதற்கான தமிழ் வசனவரிகளையும் தனிக் கோப்பாகக் கொடுத்தது எங்கள் தப்பு. தமிழ் எழுத்து எது இருந்தாலும் படத்திலேயே பதித்துவிடுங்கள், சர்வரை நம்பாதீர்கள். பதித்தால் மறுபடி முழுப் படத்தையும் டிசிபி ஆக்க வேண்டும். நொடிக்கு 24 சட்டகம், 52 நிமிடம் என்றால் 74,880 சட்டகம். என் மடிக்கணினி நொடிக்கு இரண்டு வீதம் பத்தரை மணி நேரம் மூச்சு வாங்கியது. மின்விசிறியைத் திருப்பி அதற்கு வைத்துவிட்டு நான் வேர்வையில் படுத்திருந்தேன்.

மூன்றாவது நடை. அங்கிள் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். முதல் ஐந்து நிமிடம் மட்டும் ஓட்டினார், அடுத்த படத்துக்காரர் வாசலில் காத்திருந்தார். கொம்பு முன்னால், கால் பின்னால், எல்லாம் அதனதன் இடத்தில். அது போதும் என்று வந்துவிட்டேன். போதாது. கெஞ்சிக் கூத்தாடியாவது நடுவில் இன்னொரு பகுதியையும் ஓட்டச் சொல்லுங்கள்.

திரையிடல் இரவு எட்டரைக்கு. பாதிக்கு மேல் நிறைந்திருந்தது, அதில் பாதி எங்கள் சொந்தக்காரர்கள். 14ஆம் நிமிடம், அம்மா பேசுகிறார், அரங்கில் சத்தமே இல்லை. அப்போது எங்கள் தலைக்குப் பின்னால் இடது மூலையிலிருந்து, பக்கத்தில் நின்று கேட்பது போல, "தே ஓ கொசோங்!" நண்பன் பின்னணிச் சத்தத்தை அரங்கைச் சுற்றியுள்ள ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பியிருந்தான். ஹெட்போனில் கேட்காத நான்காவது ஆள் அங்கே உட்கார்ந்திருந்தார். அரங்கமே சிரித்தது.

படம் முடிந்ததும் வீடியோ அழைப்பில் கோவளத்துத் தம்பி வந்தான். அங்கே மணி ஏழுகூட ஆகவில்லை, ஆனால் இருட்டிவிட்டது. கடற்கரையில் டீக்கடை விளக்கு வெளிச்சத்தில் நின்றிருந்தான். முன்வரிசை அக்கா ஒருவர் ஒலிவாங்கியை வாங்கினார். "தம்பி, உங்க கடையில தே ஓ கொசோங் கிடைக்குமா?"

மறுபடி சிரிப்பு. தம்பி திரையிலிருந்து எங்களைத் தேடினான்.

"அது என்னா மீனுண்ணா?"