புது வீட்டு ஜன்னல்: ‘டார்க் கிரே’ என்ற ஒரு வார்த்தையால் வந்த வினை

வீடு கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். ஜன்னல் ஆர்டர் பேப்பரை எடுத்து, நிறம் என்ற கட்டத்தைப் பாருங்கள். அதில் வெறும் பெயர் மட்டும் இருந்தால் இன்றைக்கே போன் போட்டு அந்த நிறத்துக்குரிய எண்ணையும் எழுதி வாங்குங்கள். எங்கள் வீட்டு முன்பக்க ஜன்னல்கள் வேறொரு கிரேயில் வந்து இறங்கி, திரும்பிப் போய், மறுபடி வந்து, இப்போதுதான் சுவரில் ஏறியிருக்கின்றன. நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஆனால் கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை.

மாடல் தேர்வு செய்வதில் பெரிய சிக்கல் வரவில்லை. ஸ்லைடிங், பக்கவாட்டில் கீல் வைத்துக் கதவு மாதிரி திறக்கும் கேஸ்மென்ட், மேலே கீல் வைத்துக் கீழ்ப்பக்கம் வெளியே தள்ளித் திறப்பது, திறக்கவே முடியாத ஃபிக்ஸட் கண்ணாடி எல்லாம் தெரிந்தவைதான். எதை எங்கே வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். ஷோரூமில் ஜன்னல் தனியாக நிற்கும். அதற்கு முன்னால் சமையல் மேடை இருக்காது, கட்டில் இருக்காது, வெளியே ஆள் நடக்கும் பாதையும் இருக்காது.

சமையலறைக்கு வெளிப்பக்கம் திறக்கும் கேஸ்மென்ட்தான் வரைபடத்தில் இருந்தது. அம்மா சைட்டுக்கு வந்தபோது, ஜன்னல் சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளித் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். மேடையின் அகலம் அவ்வளவு வரும். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கையை நீட்டிப் பார்த்துவிட்டு, “மூடியிருந்தா கொக்கி எட்டும்ப்பா, திறந்து வெளியே போயிட்டா எப்படி இழுத்துச் சாத்துறது?” என்றார். அந்தக் கேள்வியை வரைபடம் போட்டவரும் கேட்கவில்லை, கம்பெனிக்காரரும் கேட்கவில்லை. அங்கே ஸ்லைடிங் என்று மாற்றினோம். பக்கவாட்டு நடைபாதையை ஒட்டிய ஜன்னலுக்கும் அதேதான். வெளியே திறந்த கதவு சரியாக நெற்றி உயரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும்; இருட்டில் யாராவது மோதினால் கண் போய்விடும்.

குளியலறைக்கு மேல்கீல் மாடல். மழை பெய்தாலும் கொஞ்சம் திறந்து வைக்கலாம், சாரல் உள்ளே வராது. படுக்கையறைகளுக்கு கேஸ்மென்ட். இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னலில் எந்த நேரமும் பாதிதான் திறக்கும். கேஸ்மென்ட் முழுசாகத் திறக்கும். காற்றுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தீப்பிடித்தால் ஆள் வெளியேறுகிற அளவுக்குத் திறப்பு இருக்க வேண்டும் என்று பல நாடுகளின் கட்டட விதிகள் படுக்கையறை ஜன்னலுக்குச் சொல்கின்றன. விதி கேட்கிறதோ இல்லையோ, பிள்ளைகள் தூங்கும் அறை என்றால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கொசுவலையை ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள். ஸ்லைடிங்கில் வலைக்கு இன்னொரு ட்ராக் வேண்டும். பிறகு சேர்க்க முடியாது, ஃப்ரேமே வேறு. வெளியே திறக்கும் கேஸ்மென்ட்டில் வலை உள்பக்கம் வரும். அப்படியானால் ஒவ்வொரு முறையும் வலையைத் திறந்துதான் கைப்பிடியைத் தொட முடியும். மாடிப்படி ஓரம் உயரத்தில் வைத்த ஃபிக்ஸட் கண்ணாடிக்கு இன்னொரு கேள்வி: வெளிப்பக்கத்தை யார், எதில் ஏறித் துடைப்பார்கள்? அதற்குப் பதில் கிடைக்காததால் அதைத் திறக்கும் மாடலாக மாற்றினோம்.

சரி, நிறத்துக்கு வருகிறேன்.

வெளியே அடர்ந்த கிரே, உள்ளே வெள்ளை என்பது எங்கள் ஆசை. உள்ளே அடர்நிறம் வைத்தால் அறை சின்னதாகத் தெரியும் என்று என் மனைவி உறுதியாக இருந்தார். எல்லாவற்றையும் யுபிவிசியில், அதாவது கெட்டியான பிவிசி பிளாஸ்டிக்கில், போடத்தான் முதலில் பேசினோம். மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல்தான் யோசிக்க வைத்தது. வெறும் பிவிசி, ஒரு டிகிரி சூடு ஏறினால் மீட்டருக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் சுமார் 0.024 தான். 2 மீட்டர் சட்டம் 40 டிகிரி சூடு ஏறினால் பிவிசியில் 5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும், அலுமினியத்தில் 2 மில்லிமீட்டர்கூட வராது. உள்ளே இரும்புச் சட்டம் கொடுத்து அதைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் அடர்நிறம் வெயிலை அதிகம் வாங்கும். மாலை வெயில் நேராக அடிக்கிற இடத்தில் அவ்வளவு பெரிய அடர்நிற யுபிவிசி வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

“அப்ப பெரிய ஜன்னலை மட்டும் அலுமினியத்துல போட்டுக்கலாம் சார், மத்ததெல்லாம் யுபிவிசி. ரெண்டும் ஒரே கலர்தான்” என்றார் விற்பனைப் பிரதிநிதி. இங்கேதான் முதல் எச்சரிக்கை. யுபிவிசியில் நிறம் என்பது பெரும்பாலும் மேலே ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள், அதாவது ஃபாயில். அலுமினியத்தில் அது பவுடர் கோட்டிங். பொடியைத் தெளித்துச் சுமார் 200 டிகிரி சூட்டில் சுட்டெடுப்பது. பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒன்றாகத் தெரியாது. இரண்டு துண்டையும் வாங்கிக்கொண்டு போய் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஃபாயிலில் மரத்தின் ரேகை மாதிரி வரிகள், அலுமினியத்தில் வழவழப்பு. ஃபாயில் கொஞ்சம் நீலம் பாய்ந்தும் இருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் முன்பக்கச் சுவரில் இரண்டு கிரே தெரியும். முன்பக்கமும் மேற்கும் முழுக்க அலுமினியம், பின்பக்கம் வெள்ளை யுபிவிசி என்று பிரித்துக்கொண்டோம். அலுமினியத்தில் உள்ளே ஒரு நிறம், வெளியே ஒரு நிறம் வேண்டுமென்றால், சட்டத்தின் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக் பட்டை வைத்த ரகம் வசதி. இரண்டு பாதியும் தனித்தனி நிறத்தில் வரும், வெளிச்சூடு உள்ளே கடத்தப்படுவதும் குறையும்.

கிரேயில் எந்தக் கிரே என்று பார்க்கப் போனால் அது ஒரு கடல். அதனால்தான் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண் என்று ஆர்ஏஎல் (RAL) எண்கள் இருக்கின்றன. 1927-இல் ஜெர்மனியில் 40 நிறங்களோடு தொடங்கிய பட்டியல், இப்போது கிளாசிக் வரிசையில் மட்டும் 200-க்கு மேல். 7016 என்பது ஆந்த்ரசைட் கிரே, 7024 கிராஃபைட் கிரே, 7021 கறுப்புக்குப் பக்கத்தில் போய்விடும். எண்ணோடு பளபளப்பையும் சொல்ல வேண்டும். ஒரே 7016, பளபளப்பில்லாத ‘மேட்’ பூச்சில் ஒரு மாதிரியும் பளபளப்பில் ஒரு மாதிரியும் தெரியும்.

நாங்கள் 7016 மேட் மாதிரித் துண்டை வாங்கி, பிரைமர் அடித்த முன்பக்கச் சுவரில் சாய்த்து வைத்து, காலையிலும் உச்சி வெயிலிலும் சாயங்காலத்திலும் பார்த்தோம். ஷோரூம் விளக்கில் கறுப்பாகத் தெரிந்தது வெயிலில் லேசாக நீலம் காட்டியது. அதுவும் பிடித்திருந்தது. அதையே முடிவு செய்து, துண்டின் பின்னால் நானும் பிரதிநிதியும் தேதி போட்டுக் கையெழுத்திட்டோம். இதை மட்டும் யாரும் மறக்காதீர்கள். துண்டை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்டர் பேப்பர் வந்தபோது நிறம் என்ற இடத்தில் ‘டார்க் கிரே’ என்று இருந்தது. மின்னஞ்சலில் 7016 மேட் என்று தெளிவாக எழுதி அனுப்பியிருந்தோம். ஏன் எண் இல்லை என்று கேட்டால், “சிஸ்டத்துல பேர் மட்டும்தான் சார் ஏறும், ஃபேக்டரிக்குத் தெரியும்” என்றார் ஆபீஸ் ஊழியர். என் மனைவி பேனாவை வாங்கி, கையெழுத்துக்கு மேலே ‘ஆர்ஏஎல் 7016 மேட், கையெழுத்திட்ட மாதிரித் துண்டின்படி’ என்று எழுதி, அவரையும் பக்கத்தில் கையெழுத்திடச் சொன்னார். அவர் முகம் சுளித்தபடி போட்டார். அந்த ஒரு வரிதான் பிறகு எங்களைக் காப்பாற்றியது.

லாரியிலிருந்து இறக்கும்போதே சந்தேகம். முன்கதவு ஏற்கெனவே 7016-இல் மாட்டியாகிவிட்டது. அதன் பக்கத்தில் ஜன்னலைச் சாய்த்தால் ஒரு படி வெளுப்பாகத் தெரிகிறது. பாதுகாப்புப் பிளாஸ்டிக்கை ஒரு மூலையில் உரித்து மாதிரித் துண்டை வைத்தேன். குழந்தைகூட வித்தியாசம் சொல்லிவிடும். அட்டைப்பெட்டி ஸ்டிக்கரில் 7024 என்று அச்சடித்திருந்தது. இறக்க வந்தவர்கள் டெலிவரி சீட்டில் கையெழுத்து கேட்டார்கள். ‘நிறம் தவறு, ஏற்கப்படவில்லை’ என்று எழுதித்தான் கொடுத்தேன். ஸ்டிக்கர், துண்டு, கதவு மூன்றையும் ஒன்றாகப் போட்டோ எடுத்தேன்.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். “இதுவும் டார்க் கிரேதான் சார்.” “மாட்டிட்டா தெரியாது சார்.” “கொஞ்சம் தள்ளுபடி போட்டுத் தர்றோம்.” கடைசியில், சைட்டுக்கே வந்து ஸ்ப்ரே அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். அதை நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. தொழிற்சாலையில் சுட்டெடுத்த பூச்சும் சைட்டில் நின்று அடிக்கிற ஸ்ப்ரேயும் ஒன்றல்ல. வெயிலும் மழையும் தாங்குவதற்குத்தானே பவுடர் கோட்டிங்குக்குப் பணம் கொடுக்கிறோம்? மின்னஞ்சல் கணக்கில் வராது, ஆர்டர் பேப்பர்தான் கணக்கு என்று ஊழியர் அடித்துச் சொன்னார். சரி, அந்தப் பேப்பரையே எடுங்கள் என்றேன். என் மனைவி கையால் எழுதிய வரியும் அவருடைய கையெழுத்தும் அதில் இருந்தன. அதற்குப் பிறகு மேலாளரே பேசினார், முன்பக்க ஜன்னல்கள் முழுவதையும் மாற்றித் தர ஒத்துக்கொண்டார். அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதனால் உள்வேலை எல்லாம் தள்ளிப்போனது, அதற்கு யாரும் ஈடு தரவில்லை.

இன்னொரு ஆபத்திலிருந்து மயிரிழையில் தப்பினோம். ஆர்டர் கொடுத்ததும் கம்பெனி அனுப்பும் வரைபடத்தைப் பலர் பார்க்காமலே ஓகே சொல்லிவிடுகிறார்கள். எங்கள் படுக்கையறை ஜன்னல் இடப்பக்கம் கீல் என்று நாங்கள் சொன்னது உள்ளே நின்று பார்த்து. அவர்கள் வரைந்தது வெளியே நின்று பார்த்து. அப்படியே விட்டிருந்தால் கதவு திறந்ததும் காற்றுக்குக் குறுக்கே தடுப்பாக நின்றிருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் ‘உள்ளிருந்து பார்த்தபடி’ என்று எழுதச் சொல்லித் திருத்தி வாங்கினோம்.

அளவெடுப்பதிலும் சண்டைதான். சுவர்ப்பூச்சு வேலை முடியும் முன்பே ஆள் வந்துவிட்டார். பூச்சு ஏறினால் திறப்பு சுருங்கும், முடிந்ததும் வாருங்கள் என்றால், ஒருமுறைதான் வருவோம் என்று ஆபீஸில் சொன்னார்கள். அப்படியானால் அளவு தவறினால் பொறுப்பு உங்களுடையது என்று எழுதிக் கொடுங்கள் என்றதும் இரண்டாவது முறை வர ஒத்துக்கொண்டார்கள். அந்த முறை வந்தவர் நல்ல வேலைக்காரர். அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் எடுத்து, உயரத்தையும் அப்படியே எடுத்து, குறைந்ததைக் குறித்துக்கொண்டார். மூலைக்கு மூலை குறுக்காகவும் டேப் பிடித்தார். ஒரு திறப்பில் இரண்டு குறுக்களவும் பொருந்தவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டு அங்கேயே சரிசெய்ய வைத்தார். சூடேற்றி உறுதியாக்கும் டஃபண்ட் கண்ணாடியைச் சுட்ட பிறகு வெட்டவோ தேய்த்துக் குறைக்கவோ முடியாது. அளவு பிசகினால் புதுக்கண்ணாடிதான்.

மாட்டுவது ஒரே மூச்சில் முடிந்தது. ஆனால் மாட்டியவர்கள் போவதற்குள் சில விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். பாதுகாப்புப் பிளாஸ்டிக்கை, பெயின்ட் வேலை முடியட்டும் என்று மாதக்கணக்கில் விடாதீர்கள். வெயிலில் காய்ந்து பசையோடு ஒட்டிக்கொள்ளும், உரிக்க முடியாது. உரித்த பிறகு சிமென்ட் தெறித்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். காய விட்டால் பூச்சிலும் கண்ணாடியிலும் கறை தங்கிவிடும்.

ஸ்லைடிங் ட்ராக்கில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெளிச்சட்டத்தின் அடியில் இருக்கும் சின்னத் துளைகள் வழியாக அது வெளியே வடிய வேண்டும். எங்கள் சமையலறை ஜன்னலில் வடியவில்லை. ஓரங்களை அடைக்கச் சிலிகோன் பசை வைத்தவர் அழகாக இழுத்து அந்தத் துளைகளையும் சேர்த்து அடைத்திருந்தார். மழைக்காலத்தில் தண்ணீர் ட்ராக்கில் நிரம்பி உள்ளே மேடையில் வழிந்திருக்கும். அவரையே கூப்பிட்டு, பிளேடால் கீறி எடுக்க வைத்து, மறுபடி தண்ணீர் ஊற்றி, அது வெளியே போவதைப் பார்த்த பிறகுதான் கடைசித் தவணையைக் கொடுத்தேன்.