வலிப்பு மாத்திரையும் எலும்பும்: எட்டு ஞாயிறுகள்

2025 மார்ச் 4, செவ்வாய்

வலிப்பு மருந்துகளான ஃபெனிடோயின், ஃபீனோபார்பிட்டோன், கார்பமசெபைன் மூன்றும் கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிடும். அந்த நொதிகள் வைட்டமின் டி-யையும் வேகமாகச் சிதைக்கும். டி குறைந்தால் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. ரத்தத்தில் அளவு இறங்காமல் பார்த்துக்கொள்ள பாராதைராய்டு ஹார்மோன் ஏறி, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும். இன்னொரு வலிப்பு மருந்தான வால்ப்ரோவேட் நொதியைத் தூண்டாது. ஆனாலும் எலும்பு அடர்த்தி குறைவோடு அதற்கும் தொடர்பு உண்டு.

இதற்காக மாத்திரையை நிறுத்தவே கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வரலாம். வலிப்பில் கீழே விழுந்தால் எலும்பும் முறியலாம்.

முதல் வேலை ரத்தப் பரிசோதனை: 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி, கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்படேஸ் (எலும்பிலும் கல்லீரலிலும் உள்ள ஒரு நொதி). டி மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை. பாஸ்படேஸ் மட்டும் ஏறியிருந்தால் உடனே எலும்பைச் சந்தேகிக்க வேண்டாம். ஃபெனிடோயின் கல்லீரல் வழியாகவும் அதை ஏற்றும்.

மார்ச் 9, ஞாயிறு

பற்றாக்குறைக்கு இங்கே வழக்கமாக எழுதுவது 60,000 யூனிட் வைட்டமின் டி தூள் பாக்கெட், வாரம் ஒன்று, எட்டு வாரம். கொழுப்போடு சேர்ந்தால்தான் நன்றாக ஏறும் என்பதால் சாப்பாட்டுக்குப் பின் பாலில் கலந்து குடிப்பது நல்லது. பெரிய தவறு, இதை தினமும் குடிப்பது. கால்சியம் எகிறி வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், மனக்குழப்பம் வரும். கிழமையை முடிவுசெய்து எட்டுத் தேதிகளையும் காலண்டரில் வட்டமிட்டுவிட்டால் குழப்பமில்லை.

மார்ச் 13, வியாழன்

1250 மி.கி. கால்சியம் கார்பனேட் மாத்திரையில் உள்ள கால்சியம் 500 மி.கி.தான். சாப்பாட்டோடு போட வேண்டும். ஃபெனிடோயினோடு சேர்த்துப் போட்டால் அதன் உறிஞ்சலைக் குறைக்கலாம்; குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். ஃபெனிடோயின் இரவில் என்றால் கால்சியம் மதியச் சாப்பாட்டோடு.

கணக்கு: பெரியவருக்கு நாளொன்றுக்கு 1000 மி.கி. கால்சியம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350, இரண்டு டம்ளர் பாலில் 450-ஐ ஒட்டி. மிச்சத்துக்கு ஒரு மாத்திரை தாராளம். கேழ்வரகைப் புளிக்கவைத்துக் கூழாக்கினால் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் பைட்டேட் குறையும். பாட்டி வீட்டுக் கூழ் சும்மா இல்லை.

‘சத்து மாத்திரை’ என்று கடையில் கேட்டு வாங்குவதில் ஒரு சிக்கல். ஃபோலிக் அமிலம், பி6 இரண்டும் அதிக அளவில் போனால் ஃபெனிடோயின் அளவு இறங்கி, அடங்கியிருந்த வலிப்பு திரும்பலாம். டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம்.

ஏப்ரல் 5, சனி

டி ஏறும் முன் எலும்பின் மேல் அதிக பாரம் ஏற்றக் கூடாது. தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடியவில்லை, தொடை வலிக்கிறது, வாத்து நடை என்றால் எலும்பு மென்மையாகிவிட்டதோ என்று பார்க்க வேண்டும். அப்போது குதிப்பது விரிசலில் முடியலாம்.

அப்படி இல்லையென்றால், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது பத்து முறை, இரண்டு சுற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி ‘தொம்’ என்று இறக்குவது இருபது முறை. வாரம் மூன்று நாள் போதும். நடை உடம்புக்கு நல்லது, ஆனால் எலும்புக்கு அது மட்டும் போதாது. நீச்சலில் தண்ணீரே உடலைத் தாங்குவதால் எலும்புக்குச் சுமை இல்லை. வலிப்பு உள்ளவர் தனியாக நீந்தவும் கூடாது. படுத்துத் தூக்கும் பளுவுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

கார்பமசெபைன் சாப்பிடுபவர் வியர்த்ததென்று லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடித்தால் சோடியம் இறங்கும், அதுவே வலிப்பைக் கொண்டுவரும். ஃபெனிடோயின்காரர் புதிதாகத் தள்ளாடினால் காலைக் குறை சொல்லாமல் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

எட்டாவது பாக்கெட். இனி பராமரிப்பு அளவு. நொதியைத் தூண்டும் மாத்திரை தொடரும்வரை டி-யும் தொடர வேண்டியிருக்கும். மறு பரிசோதனை ஜூனில். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் ஐம்பது வயதுக்குக் கீழே என்றால் பார்க்க வேண்டியது டி-ஸ்கோர் (இளம் வயதினரோடு ஒப்பீடு) அல்ல, இசட்-ஸ்கோர் (அதே வயதினரோடு ஒப்பீடு). மைனஸ் 2 அல்லது அதற்குக் கீழ் போனால் வயதுக்குக் குறைவு. அடுத்த ஸ்கேனும் அதே இயந்திரத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.