முதல் ஸ்கேனுக்குத் தனிச் சலுகை வேண்டாம்

ஒரே ஆளுக்கு இந்த வருடம் ஒரு எம்ஆர்ஐ, அடுத்த வருடம் இன்னொன்று. இடையில் மூளை எவ்வளவு சுருங்கியிருக்கிறது? இதைக் கணக்கிடுவதுதான் என் அன்றாட வேலை. கேட்டதும் பலர், "அளந்து கழித்துவிட வேண்டியதுதானே?" என்பார்கள். நாங்கள் தேடும் அளவு எவ்வளவு சிறியது என்று தெரிந்தால் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

ஹிப்போகேம்பஸை எடுத்துக்கொள்வோம். நினைவாற்றலுக்கு முக்கியமான பகுதி. மூளையின் ஒரு பக்கத்துக்கு 3,500 கன மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் ஜோசஃபின் பார்ன்ஸும் சக ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வெளியிட்ட கணக்குப்படி, அல்சைமர் உள்ளவர்களுக்கு இது ஆண்டுக்குச் சுமார் 4.7 சதவீதம் குறைகிறது. நோயில்லாத முதியவர்களுக்கு 1.4 சதவீதம். நம் கணக்கில் முன்னது 165 கன மில்லிமீட்டர், பின்னது 50. இரண்டுக்கும் நடுவில் இருப்பது நூற்றுச் சொச்சம்தான். ஹிப்போகேம்பஸைச் சுற்றி மென்பொருள் போடும் எல்லைக்கோடு, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம், அதற்கும் குறைவாக உள்ளே நகர்ந்தாலே நோயில்லாதவர் நோயாளிபோலத் தெரிவார்.

அந்தக் கோட்டை நகர்த்துவது பல நேரம் நாம் செய்யும் கணக்கேதான்.

இரண்டு ஸ்கேனிலும் தலை ஒரே மாதிரி இருக்காது. சற்றே சாய்ந்திருக்கும், முகவாய் கொஞ்சம் தூக்கியிருக்கும். ஒப்பிட வேண்டுமென்றால் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தியாக வேண்டும். சட்டென்று தோன்றும் வழி, முதல் ஸ்கேனை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டாவதைத் திருப்பிப் பொருத்துவது. ஆனால் ஒரு படத்தைத் திருப்பினால் ஒவ்வொரு புள்ளியின் மதிப்பையும் பக்கத்துப் புள்ளிகளிலிருந்து புதிதாகக் கணக்கிட வேண்டும். அதில் படம் துளி மங்கும். முதல் ஸ்கேன் கூர்மையாக நிற்க, இரண்டாவது மட்டும் மங்குகிறது. மூளையில் எதுவுமே மாறாவிட்டாலும் மென்பொருளுக்கு இரண்டும் வேறுவேறு. அந்த வேறுபாடு நோயின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். இப்படிப்பட்ட சார்பு ஹிப்போகேம்பஸ் அளவீட்டை எப்படிக் கெடுக்கிறது என்பதை பால் யுஷ்கெவிச் குழு 2010இல் காட்டியது. நீங்களே சோதிக்கலாம்: இரண்டு ஸ்கேன்களின் வரிசையை மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். முன்பு எவ்வளவு சுருங்கியதோ இப்போது அவ்வளவு வளர்ந்ததாக விடை வர வேண்டும். வராவிட்டால் அந்த முறையை நம்பாதீர்கள்.

இதற்கு மருந்து, எந்த ஸ்கேனையும் அளவுகோலாக வைக்காமல் இருப்பதுதான். ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்டீஃபன் ஸ்மித் குழு உருவாக்கிய சியனா என்ற மென்பொருள், இரண்டு படங்களையும் பாதி வழிக்கு நகர்த்தி நடுவில் சந்திக்க வைத்தது. ஃப்ரீசர்ஃபர் என்ற இன்னொரு மென்பொருளில் மார்ட்டின் ராய்ட்டர், புரூஸ் ஃபிஷல் முதலானோர் 2012இல் விவரித்த முறை, அந்த ஆளின் எல்லா ஸ்கேன்களிலிருந்தும் அவருக்கென்றே ஒரு நடுப்படம் செய்கிறது. அப்புறம் ஒவ்வொரு ஸ்கேனையும் அதிலிருந்து தொடங்கி அளக்கிறது. முதலாவது, மூன்றாவது என்ற பேதமே இல்லை. நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

இதில் ஒரு சிரமம் உண்டு. அதே ஆளுக்குப் புதிதாக ஒரு ஸ்கேன் வந்தால் நடுப்படத்தைத் திரும்பச் செய்து, பழைய ஸ்கேன்களையும் மறுபடி ஓட்ட வேண்டும். கணினி ராத்திரி முழுக்க ஓடும். பரவாயில்லை, ஓடட்டும். பழையதை அப்படியே விட்டுப் புதியதை மட்டும் ஒட்டவைத்தால் தவிர்க்க நினைத்த சார்பு பின்வாசல் வழியாக வந்துவிடும்.

ஓடி முடித்ததும் கண்ணால் பார்க்காமல் ஒரு எண்ணையும் நான் வெளியே அனுப்புவதில்லை. இரண்டு படங்களையும் ஒரே இடத்தில் வைத்து மாற்றி மாற்றித் தட்டுவேன். மண்டையோடு அசையக்கூடாது, அசைந்தால் பொருத்தம் சரியில்லை. மண்டையோடு அசையாமல் நின்று, மூளைக்குள் திரவம் நிரம்பிய அறையான வென்ட்ரிக்கிளின் கரை மட்டும் வெளியே தள்ளினால் அது நிஜமான மாற்றமாக இருக்க வாய்ப்புண்டு. அடுத்து, காதுப் பக்கம் இருக்கும் டெம்போரல் மடலின் நுனி. அங்கே மூளையை ஒட்டிய உறையையும் சேர்த்து மென்பொருள் கோடு போட்டுவிடும். ஒரு ஸ்கேனில் சேர்த்து, மறு ஸ்கேனில் விட்டுவிட்டால் வருடத்துக்குள் மூளையின் வெளி அடுக்கான புறணி மெலிந்ததாக எண் சொல்லும்.

மென்பொருள் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் தீர்க்க முடியாதவை இருக்கின்றன. நடுவில் ஸ்கேனரை மாற்றுவது ஒன்று. தலை அசைவு இன்னொன்று, அதுதான் எனக்குப் பெரிய கவலை. ஸ்கேனில் ஆள் அசைந்தால் மூளையின் சாம்பல் நிறப் பகுதி உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும் என்பதை ராய்ட்டர் குழுவே 2015இல் காட்டியிருக்கிறது. நோய் முற்ற முற்ற அசையாமல் படுத்திருப்பது கடினம். அப்படியானால் கடைசி ஸ்கேனில் காணும் சரிவில் நோயின் பங்கு எவ்வளவு, அசைவின் பங்கு எவ்வளவு? அதனால் அசைவின் அளவையும் புள்ளியியல் மாதிரியில் சேர்க்கச் சொல்லி விடாமல் கேட்பேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு ஸ்கேனோடு நின்றுபோனவர்களை, "மாற்றத்தைக் கணக்கிட முடியாது" என்று பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். திரும்ப வர முடியாத அளவுக்கு நோய் முற்றியவர்கள் அவர்களில் பலர் இருக்கலாம். அவர்களை விட்டால் மிஞ்சுவது ஓரளவு நலமாக இருப்பவர்களின் கூட்டம்தான். ஆளுக்கு ஆள் ஸ்கேன் எண்ணிக்கை வேறுபட்டாலும் ஏற்கும் கலப்பு விளைவு மாதிரிகள் என்ற புள்ளியியல் முறையில் ஒற்றை ஸ்கேனுக்கும் இடமுண்டு. ஆனால் அதையும் மற்றவை போன நடுப்பட வழியிலேயே ஓட்டிச் சேர்க்க வேண்டும்.