ராக்வூல் துண்டு, போர் தண்ணீர், ஒரு பாட்டில் ஆசிட்: மதுரையில் நான் பட்ட பாடு

மாடியில் குழாய் மாட்டி, மண்ணில்லாமல் தண்ணீரிலேயே (ஹைட்ரோபோனிக்ஸ்) கீரையோ லெட்யூஸோ வளர்ப்பவர்களுக்கு ராக்வூலை, அதாவது விதை முளைக்கவைக்கும் பாறை நார்த் துண்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஊறவை, வடியவிடு, விதை போடு என்று எல்லா வீடியோவிலும் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். மதுரையில் இருந்துகொண்டு அதைச் செய்யும்போது எங்கெல்லாம் மாட்டிக்கொள்வோம் என்பதை யாரும் சொல்வதில்லை. எனக்கு யாராவது சொல்லியிருந்தால் ஒரு கோடைக்காலம் மிச்சமாகியிருக்கும்.

முதலில் துண்டு விஷயம். ‘ஹைட்ரோபோனிக் குரோ கியூப்’ என்று ஆன்லைனில் ஒரு விற்பனையாளர் போட்டிருந்தார். ஆர்டர் செய்தேன். வீட்டில் நாள் முழுக்க ஆள் இருந்தும் ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதி கூரியர்காரர்கள் பார்சலைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள். திருநகரிலிருந்து உச்சி வெயிலில் பஸ் பிடித்து அவர்களுடைய குடோனுக்குப் போனால், கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல், “ஆதார் ஜெராக்ஸ் குடுங்க மேடம், ஒரிஜினல் காட்டினா ஆகாது” என்றார். போனுக்கு வந்த ஓடிபியைச் சொன்னேன், அசல் அட்டையை நீட்டினேன், எதற்கும் அசையவில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் சாப்பாட்டு நேரம், ஷட்டர் இறக்கியிருந்தது. கடை திறக்கும்வரை நிழலில்லாத தெருவில் நின்றேன். கூரியர் ஆபீசுக்குப் போகிறவர்கள் பையில் ஆதார் ஜெராக்ஸ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு அலைந்து வாங்கி வந்ததை ஒரு வாளி தண்ணீரில் போட்டால், துண்டுகள் மிதந்தன. அமுக்கினால் மறுபடி மேலே வந்தன. தாமரை இலை மேல் விழுந்த மாதிரி தண்ணீர் உருண்டு ஓடியது. மறுநாள் காலையில் ஒன்றைப் பிய்த்துப் பார்த்தேன், உள்ளே எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறான். எட்டிப் பார்த்தவுடன் சொல்லிவிட்டான்: “அத்தை, இது எங்க பாய்லர் பைப்புல சுத்துற பஞ்சு. தண்ணி உள்ள போயிறக் கூடாதுன்னே எண்ணெய் சேர்த்துச் செய்வாங்க.”

விஷயம் இதுதான். இரண்டும் பாறையை 1500 டிகிரிக்கு மேல் உருக்கி நூலாக இழுத்துச் செய்வதுதான். ஆனால் கட்டடத்துக்கும் பாய்லருக்கும் போகிற ராக்வூலில் தண்ணீரை விரட்டும் பொருள் கலக்கிறார்கள். செடிக்கான ராக்வூலில் அதற்கு நேர்மாறாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும் பொருள் சேர்க்கிறார்கள். யாரோ பாய்லர் பலகையைக் கத்தியால் வெட்டி, பாக்கெட் போட்டு, பல மடங்கு விலைக்கு விற்றிருக்கிறார்கள். விற்றவரிடம் கேட்டதற்கு, “பாத்திரம் கழுவும் லிக்விட் ரெண்டு சொட்டு விடுங்க, ஊறிடும்” என்று பதில் வந்தது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சோப்பு வேருக்கு ஆகாது, உள்ளே இருக்கும் எண்ணெயும் போகாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பாக்கெட்டைப் பிரித்துவிட்டீர்கள், முடியாது என்றார்கள். கண்ணாடி டம்ளரில் துண்டு மிதப்பதை வீடியோ எடுத்து, அவர்கள் போட்டிருந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். அதன் பிறகு பேச்சு மாறியது, முழுப் பணமும் வந்தது. சின்னத் தொகைதான், ஆனாலும் விட்டிருந்தால் அடுத்தவருக்கும் அதே பஞ்சைத்தான் அனுப்பியிருப்பார்கள். வாங்குவதற்கு முன்பே, ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டு வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். செடிக்கான துண்டு மளமளவென்று தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். அனுப்ப மாட்டேன் என்பவரிடம் வாங்க வேண்டாம்.

வேறொருவரிடம் சரியான துண்டு கிடைத்தது. இனித்தான் பெரிய வம்பு, தண்ணீர்.

புது ராக்வூலின் பிஎச் (புளிப்பா காரமா என்று காட்டும் அளவு, 7க்குக் கீழே புளிப்பு) இயல்பாகவே 7க்கு மேல் இருக்கும். அதனால்தான் 5.5 பிஎச் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்கிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் இரும்பும் மாங்கனீசும் தண்ணீரில் இருந்தாலும் நாற்றுக்குக் கிடைக்காது. புது இலை மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் வரும். எங்கள் போர் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) லிட்டருக்கு 1400 மில்லிகிராமுக்குக் குறையாது. வேறு வழியில்லாத இடத்தில் குடிநீருக்கே 2000 வரை இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது, ஆனால் முளை விட்ட விதை இதைத் தாங்காது. பிஎச்சும் 8ஐ ஒட்டி நிற்கும். ஆசிட் விட்டு 5.5க்குக் கொண்டுவந்து, நிம்மதியாகத் தூங்கி எழுந்து பார்த்தால் மறுபடி 7ஐத் தாண்டியிருக்கும்.

பிஎச் மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று முதலில் அதைச் சந்தேகப்பட்டேன். அதற்கும் காரணம் இருந்தது. மீட்டர் பெட்டியில் இருக்க வேண்டிய, பிஎச் 4.01, 6.86 என்று குறித்த பவுடர் பாக்கெட்டுகளை விற்றவர் வைக்கவே இல்லை. அந்தப் பவுடரை டிஸ்டில்டு வாட்டரில் கரைத்துச் சரிபார்க்காத மீட்டர் காட்டுகிற எண்ணை நம்ப முடியாது. பவுடரைத் தனியாக வரவழைத்துச் சரிபார்த்த பிறகும் பிஎச் ஏறிக்கொண்டேதான் இருந்தது. குற்றம் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டில். ஆசிட் விட்டதும் அது கரியமில வாயுவாக மாறித் தண்ணீருக்குள்ளேயே தங்குகிறது. அதுவரை பிஎச் இறங்கியது போலத் தெரியும். வாயு மெதுவாக வெளியேறியதும் பிஎச் மறுபடி ஏறிவிடும். அதனால் போர் தண்ணீர்தான் வழி என்பவர்கள் ஆசிட் விட்டு, நன்றாகக் கலக்கி, ராத்திரி முழுக்கத் திறந்து வைத்து, காலையில் மறுபடி அளந்து, தேவைப்பட்டால் இன்னும் ஆசிட் விடுங்கள். ஒரே தடவையில் முடியாது.

எலுமிச்சம்பழம் பிழியச் சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். அந்தப் புளிப்பைக் கிருமிகள் தின்றுவிடும், ஓரிரு நாளில் பிஎச் பழையபடி ஏறிவிடும். பாஸ்பாரிக் ஆசிட்தான் நிற்கிறது. அதை வாங்கப் போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கல்லூரி லேபுகளுக்குச் சாமான் விற்கும் ஒரு கடையில், “காலேஜ் லெட்டர் இருக்கா? ஜிஎஸ்டி நம்பர் இருக்கா? இல்லேன்னா கிடையாது” என்றார்கள். செடிக்கு என்று சொன்னதும் அங்கிருந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது தெளிவாக இருக்கிறது: வாங்குபவர் முகவரியோடு கூடிய அரசு அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், எதற்கென்று சொல்ல வேண்டும், கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும், 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்குக் கொடுக்கக் கூடாது. அதில் காலேஜ் லெட்டரும் இல்லை, ஜிஎஸ்டியும் இல்லை. இன்னொரு கடையில் ஒரு பெரியவர், “எதுக்கும்மா?” என்று கேட்டு, ஆதாரைப் பார்த்து நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அரை லிட்டர் கொடுத்தார். போகும்போது, “ஆசிட்டைத் தண்ணியில ஊத்தணும், தண்ணிய ஆசிட்ல ஊத்திராதீங்க” என்றும் சொல்லி அனுப்பினார். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, முதலில் அதை நீர்த்துத் தனி பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை சொட்டு என்று நான் சொன்னால் அது உங்கள் தண்ணீருக்குப் பொருந்தாது.

கடைசியில் போர் தண்ணீரையே விட்டுவிட்டேன். விதைக்கும், வேர் பிடிக்க ஊன்றுகிற குச்சிக்கும் மட்டும் ஆர்ஓவில் வடிகட்டிய கேன் தண்ணீர். ஐப்பசி கார்த்திகையில் மாடியில் பிடித்த மழைத் தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்லது. இதில் ஒரு எச்சரிக்கை. ஆர்ஓ தண்ணீரில் தாங்கிப் பிடிக்க உப்பே இல்லாததால் ஒரு சொட்டு ஆசிட்டிலேயே பிஎச் 4க்குச் சரிந்துவிடும். 5க்குக் கீழே போனால் ராக்வூல் நாரே சேதமாகும். அதனால் முதலில் வழக்கமான அளவில் கால் பங்கு உரத்தை அதில் கலந்து, அப்புறம் பிஎச்சைச் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகு எண் ஆடாமல் நிற்கும்.

ஊறவைப்பதற்கு ஒரு மணி நேரம் போதும். எடுத்து, ஒரு முனை கீழே வருகிற மாதிரி சாய்த்துப் பிடித்தால் கூடுதல் தண்ணீர் தானே வடியும். பிழியவே கூடாது. பிழிந்தால் நார் நசுங்கி, காற்று இருக்க வேண்டிய இடம் அடைபட்டு, வேர் அழுகும். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் உதவி செய்கிறேன் என்று ஒரு ட்ரே முழுக்கப் பிழிந்து அடுக்கிவிட்டார். அந்த ட்ரேயில் முளைத்ததெல்லாம் கழுத்து அழுகிச் சாய்ந்தது.

காய்ந்த துண்டை அறுக்காதீர்கள், தூசி தோலையும் தொண்டையையும் அரிக்கும். நனைத்துவிட்டு, மாஸ்க் போட்டு அறுங்கள். இது கேன்சர் வரவைக்கும் என்று என் மாமியார் பயந்தார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2002இல் கட்டடங்களுக்கான ராக்வூலை ஆராய்ந்து, புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்த முடியாத பிரிவில்தான் வைத்தது. அதைக் காட்டிய பிறகு சமாதானமானார்.

விதை போடுவதில் சொல்ல ஒன்றுமில்லை, லெட்யூஸைத் தவிர. 30 டிகிரிக்கு மேல் லெட்யூஸ் விதை தூங்கிவிடும், அக்னி நட்சத்திரத்தில் மாடியில் வைத்தால் ஒன்றுகூட எழுந்திருக்காது. வீட்டிலேயே குளிர்ந்த அறையில் ட்ரேயை வைத்து, முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் நூலாக நீண்டுவிடும். துண்டின் மேல் பச்சைப் பாசி படர்ந்தால், வெளிச்சம் படுகிற இடத்தில் ஈரம் அதிகம் என்று அர்த்தம். கறுப்பு பாலிதீனில் ஓட்டை போட்டு மூடினால் பாசியும் குறையும், அதைத் தின்ன வருகிற குட்டி ஈயும் குறையும்.

குச்சிக்குப் புதினாவும் கற்பூரவல்லியும் எந்தத் தொல்லையும் தரவில்லை. எனக்கு ஆசை மதுரை மல்லி மேல். மல்லி நாற்று ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்துதான் நமக்கு வருகிறது, அங்கே மண்ணில் பதியம் போடுகிற பழக்கமுள்ள கை வேறு. ராக்வூலில் முயன்றதில் இளங்குச்சி எல்லாம் கறுத்துப்போனது. பாதி முற்றிய குச்சியைக் கணுவுக்குக் கீழே வெட்டி, வேர் ஹார்மோன் பவுடர் தொட்டு ஊன்றியது பிடித்தது. துண்டில் வரும் ஓட்டை மல்லிக் குச்சிக்குப் பெரியது, குச்சி ஆடும், ஆடினால் வேர் வராது. அந்த ஓட்டையை விட்டுவிட்டு, பக்கத்தில் மெல்லிய கம்பியால் புது ஓட்டை போட்டு இறுக்கமாக ஊன்றுங்கள். பாலிதீன் கவர் போட்டு நிழலில் வையுங்கள், தினமும் ஒருமுறை கவரைத் திறந்து காற்று விடுங்கள். வேர் அடியில் எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் குச்சியை இழுத்துப் பார்க்காதீர்கள்.

பழைய துண்டு மக்காது. குப்பையில் வீசவோ எரிக்கவோ வேண்டாம். ஈரமாக இருக்கும்போதே பிய்த்துத் தொட்டி மண்ணில் கலந்துவிடுங்கள். என்னுடைய முதல் பார்சலில் வந்த பாய்லர் பஞ்சை மட்டும் அப்படிச் செய்யவில்லை, அதைப் பக்கத்து வீட்டுத் தம்பி கப்பலூருக்கு எடுத்துப் போய்விட்டான்.