பூக்கடை நூலும் ஒரு பெக்குக்கோங்கும்

போன சனிக்கிழமை போர்ட்டிக்சன் பக்கம் தஞ்சோங் துவான் பாறையில் தூண்டிலில் ஒரு பெக்குக்கோங் மீன் ஏறிவிட்டது. எடை முக்கால் கிலோ. பெரிய மீன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அடியில் ஈயம் போட்டுப் பிடித்தது அல்ல, மிதவையில் பிடித்தது. "மிதவையெல்லாம் பழைய ஈயச்சுரங்கக் குட்டைக்குத்தான்டா, கடலுக்கு எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டிருந்த ரந்தாவ் கூட்டாளிகள் இனிக் கொஞ்ச நாளைக்கு வாய் திறக்க மாட்டார்கள்.

மீனைவிட முடிச்சைப் பற்றித்தான் எழுத ஆசை. என் தடி 5.3 மீட்டர். நாலு மீட்டர் ஆழம் வைத்தால், மிதவையை நிறுத்தும் முடிச்சு தடியின் வளையங்களுக்குள் போய்விடும். வீசும்போது அது வளையம் வளையமாகத் தாண்டி வெளியே வந்தாகவேண்டும். முடிச்சு தடித்திருந்தால் நுனி வளையத்தில் இடித்து, மிதவை காலடியிலேயே விழும். மெலிந்திருந்தால் மிதவைக்கு மேலே கோத்த பாசிமணியின் துளைக்குள் நுழைந்துவிடும். அப்புறம் நாலு மீட்டராவது ஆறு மீட்டராவது, இரை தரையைத் தொட்டுப் பாறை இடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

இணையத்தில் வாங்கிய ரப்பர் தடுப்பான்கள் கார் பூட்டில் கிடந்த சூட்டிலேயே வெடித்துப்போயின. விற்றவர் பதிலே போடவில்லை. தையல் நூல் கட்டிப் பார்த்தேன், அது பாலியெஸ்டர், நைலான் தூண்டில் நரம்பில் வழுக்கிக்கொண்டே இறங்குகிறது. கடைசியில் கை கொடுத்தது பூ கட்டும் நூல்.

"எத்தனை முழம் தம்பி?" என்றார் பூக்கடை அக்கா.

"பூ வேணாங்க்கா, நூல் மட்டும் கொடுங்க."

ஒரு மாதிரி பார்த்துவிட்டு உருண்டையைக் கொடுத்தார்.

அந்த நூலை முழுசாகக் கட்டக்கூடாது. முறுக்கைப் பிரித்து ஒரு இழையை மட்டும் எடுக்கவேண்டும். நரம்பின் மேல் ஐந்து சுற்று, எச்சில் தொட்டு இரு பக்கமும் மெதுவாக இழுத்து இறுக்கினால் போதும். பருத்தி இல்லையா, நனைந்ததும் உப்பி நரம்பைப் பிடித்துக்கொள்கிறது. ஆழம் மாற்ற நகத்தால் தள்ளினால் நகரும், வீச்சில் நகராது. இதில் முக்கியமானது மீதி நூல். ஒட்ட வெட்டினால் அந்தத் துணுக்கு துடைப்பக்குச்சி போல விறைத்து வளையத்தைக் குத்தும். ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் விட்டால் மடங்கி வழிவிடும். ஒட்ட வெட்டினால்தான் அழகு என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குத் தயார்.

மற்றதெல்லாம் வழக்கம்தான். 12 பவுண்டு நைலான் நரம்பு, அதன் நுனியில் ஒன்றரை மீட்டர் 8 பவுண்டு புளோரோகார்பன் நரம்பு, சினு வகைத் தூண்டில் முள் 3ஆம் எண், உயிர் இறால். 3பி அளவு ஈயம் தாங்கும் மிதவைக்கு அதே 3பி ஈயம், அதாவது 0.95 கிராம். அதோடு முள்ளுக்கு ஒரு முழம் மேலே அதைவிடச் சின்ன ஜி2 ஈயம் ஒன்று, 0.31 கிராம். அந்தச் சின்ன ஈயம் சேர்ந்ததும் மிதவை தலையை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கும். மேல்நீரில் மொய்க்கும் பொடிமீன்கள் இறாலைக் கொறிப்பதற்குள் இரையும் கீழே போய்விடும். கடலேற்றம் முடிந்து நீரோட்டம் தளர்ந்த நேரம், மிதவை வெடுக்கென்று போகவில்லை, ஏதோ கனம் ஏறியது போல மெல்ல அமிழ்ந்தது. கறுத்த உடம்பு, நண்டு ஓட்டை நொறுக்கும் பல், கையைக் கிழிக்கும் முதுகு முள். இந்த இனத்தில் பலவும் ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும். என்னுடையது எந்த நிலையில் இருந்ததோ, குழம்பில் தெரியவில்லை.

காலுக்கு நான் போடுவது கம்போங் அடிடாஸ்தான். அப்பா பால்மரம் சீவப் போட்டுப்போன அதே ரப்பர் சப்பாத்து. பாசி பிடித்த பாறையில் முந்நூறு வெள்ளி கொடுத்து வாங்கிய சப்பாத்து போட்டவர் சறுக்கியதைப் பார்த்திருக்கிறேன். மார்ச் மாதம் மட்டும் அந்தப் பக்கம் கூட்டம். சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி வரும் பருந்துகளைப் பார்க்கக் கலங்கரை விளக்கத்தடியில் தொலைநோக்கியோடு நிற்பார்கள், கார் நிறுத்த இடம் கிடைக்காது.

அடுத்து, லிங்கி ஆற்று முகத்தில் இரவு மிதவை போடவேண்டும், ஒளிக்குச்சி வைத்த நீள மிதவை. மீனைக் கூட்டத் தண்ணீரில் போடும் தூவல் இரைக்கு உறைந்த கிரில் இறால் வாங்கிக் கட்டுப்படியாகாது. கெராகா என்ற பொடி இறாலோடு தவிடும் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கும் பிசைந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். மாடு வளர்க்கும் மாமா ஒரு வாளி தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஆறு மீட்டர் ஆழத்துக்கு இந்த முடிச்சு தாங்குமா என்று முதலில் பார்த்தாகவேண்டும். அதற்குள் ஜி2 ஈயமும் தீர்ந்துபோனது. இங்குள்ள தூண்டில் கடையில் தவுக்கே (முதலாளி) காட்டுவதெல்லாம் கொண்டைக்கடலை அளவு. சிரம்பான் பக்கம் சின்ன ஈயம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.